ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே

பெங்களூருக்கு நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. கையில் ஓர் ஐஸ் பெட்டி, அதற்குள் ஆறு பாட்டில், ஆறிலும் என் மனைவி கலாவின் பால். பெட்டியின் மூடியில் பச்சை எழுத்தில் ‘பால் மாதிரி’ என்று அச்சிட்டிருந்தது. அரூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிப்பது என் வேலை. அங்கே இரவல் கேட்டு வாங்கிய பெட்டி அது.

விஷயம் இதுதான். பெங்களூரில் இருக்கும் என் தங்கை சுமதிக்கு முப்பத்தோராவது வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன். குழந்தை இரண்டு வாரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. சுமதிக்குப் பால் சரியாக ஊறவில்லை. இவ்வளவு சின்னக் குடலுக்குப் பவுடர் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முடிந்தவரை தாய்ப்பால்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே கலாவோ, எங்கள் நான்கு மாதப் பையன் குடித்தது போக மிஞ்சியதைப் பிழிந்து கொட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு ஏதாவது பாய்ந்து போவது அபூர்வம். அதைச் சுமந்து போகும் பெருமை எனக்குக் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாத்தனாரும் அண்ணியும் பதினோரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் எங்கள் அம்மாவின் கிரைண்டர். அம்மா போன பிறகு சுமதி அதைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்” என்பது கலாவின் கட்சி. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள் என்பது என் கருத்து. அதை நான் வெளியில் சொன்னதில்லை. ஆனால் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் கலா பால் எடுக்கும் பம்ப் ஒன்று வாங்கி வரச் சொன்னாள்.

திங்கட்கிழமை மெட்ரோ நிலையத்தில் பெட்டி ஸ்கேனருக்குள் போய் வெளியே வந்தது. காவலுக்கு நின்ற அம்மாள் மூடியைத் தட்டி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் மனைவி என்ற சொல்லும் பால் என்ற சொல்லும் இருந்தன. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

அல்சூரில் இறங்கிப் பிடித்த ஆட்டோவின் ஓட்டுநர் ஸ்ரீராம்புரத்துக்காரர், நம் ஆள்.

“இன்னா சார் பொட்டில? மீனா?”

“தாய்ப்பால்.”

வண்டியை ஓரம் கட்டினார். இறக்கிவிடப்போகிறார் என்று நினைத்தேன். “காலு படற எடத்துல வெச்சிருக்கீங்களே சார். எடுத்து மடில வெச்சுக்கோங்க” என்றார். வைத்துக்கொண்டேன். நூறடி போனதும் கேஸ் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வெளியே வைத்தேன். “நீங்க எறங்காதீங்க, பால் குலுங்கும்” என்று தடுத்துவிட்டார். அல்சூர் ஏரிக்கரையோரம் அவர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு நடக்க, உள்ளே நான் பெட்டியை அணைத்தபடி உற்சவமூர்த்தி போல வீற்றிருந்தேன். நடைபாதையில் போனவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் கும்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி மூன்றாவது மாடியில். வங்கி என்றதும் நான் என்னவோ நினைத்திருந்தேன். ஓர் அறை, இரண்டு பெரிய ஃப்ரீசர், வெந்நீர்த் தொட்டி மாதிரி ஓர் இயந்திரம், திரை போட்ட இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. மேஜையில் பேனாவை நூலால் கட்டியிருந்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் அது வங்கி மாதிரி இருந்தது.

பொறுப்பில் இருந்தவர் ஷைலஜா என்ற நர்ஸ். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு துணி முடிச்சு இருந்தது. உள்ளே ஒரு கரித்துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும். கண்ணு படாமல் இருக்க என் மாமியார் வைத்தது. நர்ஸ் அதை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்தார். பிறகு ஒரு பாட்டிலைத் திறந்தார்.

அவர் முகர்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடமாக நான் முகர்ந்த கேன்களுக்குக் கணக்கில்லை. காய்ச்சிய பாலின் வாசனை எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும்.

வராந்தாவுக்கு வந்து மாமியாருக்குப் போன் போட்டேன். “ஊரு உட்டு ஊரு போற பால யாராச்சும் பச்சையா குடுத்தனுப்புவாங்களா மாப்ள? கெட்டுப் போவாதா? நீங்க குளிக்கப் போனப்ப மூணு பொங்கு உட்டு, ஆற வெச்சு ஊத்துனேன்” என்றார். குரலில் பாராட்டை எதிர்பார்க்கும் தொனி. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

“காய்ச்சாம கொண்டாந்திருந்தா எடுத்துக்கிட்டிருப்பீங்களா?” என்று நர்ஸைக் கேட்டேன்.

“ஆகல்ல சார். யாரு குடுத்தாங்க, அவங்களுக்கு என்ன காயிலே, என்ன நோய் இருக்கு, ஒண்ணும் கொத்தில்ல, தெரியாது. எச்ஐவி, ஹெப்படைடிஸ், சிஃபிலிஸ், எல்லாம் டெஸ்ட் ஆகணும். ஃபாரம் கையெழுத்து போடணும். எங்க பாட்டில்ல, எங்க எதிர்ல எடுக்கணும். ரூல்ஸ் சார்.”

கோபம் வந்தது. ஆனால் இதே வார்த்தைகளை, இதே குரலில், எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் சைக்கிளில் எட்டு மைல் வந்தவரின் கேனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘எம் மாடு அப்பிடியாப்பட்டது இல்ல சார்’ என்பார்கள். நானும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னேன்.

தாய்ப்பாலைக் கால் மிதிக்கிற இடத்தில் ஊற்றக் கூடாது என்பார்கள். வாஷ்பேசினில் ஊற்றவும் மனம் வரவில்லை. கீழே போய் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆறு பாட்டிலையும் ஊற்றினேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். பால் என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

சுமதியின் வீடு ஜோகுபாளையத்தில். அவள் கணவர் எட்வின், மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரவுச் சாப்பாட்டுக்கு அவரே ரசம் வைத்தார். அதில் வெல்லம் போட்டிருந்தார். அம்மாவின் கிரைண்டர் சமையலறை மூலையில் இருந்தது. அதன்மேல் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மாவைக் கடையில் வாங்குகிறார்கள். இந்தத் தகவலை நான் அரூருக்குத் தெரிவிக்கவில்லை.

“இப்ப பேங்க்லதான் பால் வருது மச்சான்” என்றார் எட்வின். “யாரோ குடுத்தது. ஆனா ஸ்டாக் கம்மி. ஒன்றரைக் கிலோக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்கு மட்டும்தான் குடுக்கறாங்க. அதத் தாண்டிட்டா, அம்மா பாலு, பத்தலைன்னா பவுடர். இன்னிக்கு பாப்பா ஆயிரத்து நானூத்திப் பத்து.”

“கூடுதா?”

“கூடுது மச்சான்” என்றார், கடன்காரன் வந்த செய்தியைச் சொல்வது போல.

செவ்வாய்க்கிழமை ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து. பெற்றவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதால் குழந்தையை நான் பார்த்தது எட்வினின் போனில்தான். மூக்கில் குழாய், தலையில் குல்லாய், என் கட்டைவிரல் அளவுக்குக் கால். எடை போடும்போது டயபரைக் கழற்றிவிட்டுப் போடச் சொல்லி எட்வின் உள்ளே கெஞ்சிவிட்டு வந்தார். எப்போதும் கழற்றிவிட்டுத்தான் போடுகிறார்களாம். எங்கள் ஊரில் அளவைக் கூட்டுவதற்காகப் பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிய ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சுமதி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். “புள்ள வெயிட்டு போட்டா பெத்தவ சந்தோஷப்படணும்ணா. எனக்கு இன்னிக்கு எவ்ளோன்னு கேக்கவே பயமா இருக்கு. எனக்குப் பத்து மில்லிக்கு மேல வரல. வெள்ளிக்கிழமை ஒன்றரைக் கிலோவத் தாண்டிட்டா என்னா பண்றது?” என்று அழுதாள். தங்கை அழும்போது என்ன செய்வது என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியாது. கேன்டீனுக்குப் போய் அவளுக்குப் பாதாம் பால் வாங்கி வந்தேன். மிகவும் தண்ணியாக இருந்தது.

மத்தியானம் நர்ஸ் ஷைலஜா எனக்கு இயந்திரத்தைக் காட்டினார். பால்காரன் என்று தெரிந்ததும் கொஞ்சம் இளகியிருந்தார். பல தாய்மார்களின் பாலை ஒன்றாகக் கலந்து, பாட்டிலில் அடைத்து, அறுபத்திரண்டரை டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்துக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். முளைத்தால் அந்தத் தொகுப்பு முழுவதும் சாக்கடைக்கு. நாங்கள் எருமைப் பாலுக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். மூன்று பொங்கு விட்டால் பாலில் இருக்கும் பாதுகாப்புச் சத்தும் செத்துப்போகும் என்றார். என் மாமியாரை அவர் பெயர் சொல்லித் திட்டவில்லை.

அன்று சாயங்காலம் கலாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் வர வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நீ கொடுக்கிற பால் சுமதி குழந்தைக்கென்று தனியாகப் போகாது, எல்லாவற்றோடும் கலந்துவிடுவார்கள்.

“எம் பாலு யாரோ புள்ளைக்கா?”

“சொசைட்டில பால் ஊத்தறாங்க. அது யார் வூட்டுக்குப் போவுதுன்னு ஊத்தறவங்களுக்குத் தெரியுமா?”

“மாட்டுப் பாலும் எம் பாலும் ஒண்ணா?”

போனில் எங்கள் பையன் சிணுங்கினான், அவள் தட்டிக்கொடுத்தாள்.

“அப்ப நம்ம சுமதி புள்ள இப்ப குடிக்கறது யார் பாலு?”

“தெரியாது. சொல்ல மாட்டாங்க.”

“யாரோ ஒருத்தி குடுத்திருக்கா” என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கையில் பையனோடும் பின்னால் மாமியாரோடும் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாமியார் கையில் கூடை. கூடையில் கரி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

சுமதி எழுந்து, “வாங்க அண்ணி” என்றாள். கலா “ம்” என்றாள்.

படிவத்தில் இரண்டு பக்கக் கேள்விகள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், நாட்டு மருந்து உண்டா, ரத்தம் ஏற்றியிருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறாயா. புகையிலை, பாக்கு உண்டா என்று கேட்டபோது, “கல்யாண வூட்டுல போட்டா அதுவும் கணக்கா?” என்று கலா திருப்பிக் கேட்டாள். கணக்கில்லை என்று தீர்ப்பானது. அடுத்து கணவரின் பழக்க வழக்கங்கள் பற்றி நான்கு கேள்விகள். அவற்றுக்கு என் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள். நான் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவள் பாலைத் தனி ஃப்ரீசரில் பெயர் ஒட்டி வைப்பார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வரும். அன்று எடை ஆயிரத்து நானூற்று ஐம்பத்தைந்து.

வியாழக்கிழமை கேன்டீனில் ஒரு தட்டில் காராபாத்தும் கேசரிபாத்தும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாய் உப்புமா, ஒரு வாய் கேசரி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டுமாம். எங்கள் ஊரில் இதைக் கல்யாணம் என்போம், இங்கே காலை டிபன். காபி பை-டூ சொன்னால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். ஒன்றுக்கே உள்ள பால் இரண்டுக்குப் போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஹெப்பகோடியில் ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்பவர். சேலத்துக்காரர். அவர் குழந்தையும் மேலேதான் இருந்தது. “தாய்ப்பாலே ஆன்லைன்ல விக்கறாங்களாம் சார், பவுடரா, ஐஸா. அதக் கேட்டா இந்த நர்ஸம்மா விக்கவே கூடாது, அரசாங்கமே வேணாம்னு சொல்லிருச்சுங்கறாங்க. காசு குடுத்து நாங்க வாங்கினா அவங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பாலுக்கு விலை வந்த அன்றே தண்ணீரும் வந்துவிடும். தண்ணீரை மறைக்க மாவு, மாவை மறைக்க இன்னொன்று. சொந்தக் கன்றுக்கு மடியில் ஒரு சொட்டுக்கூட விடாமல் கறந்து ஊற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர்களுக்குத் தேவை இருக்கிறது. தாய்க்கும் தேவை வந்தால்? அவள் குழந்தையின் வயிற்றுக்கு யார் காவல்? இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் கேசரியைப் பிசைந்துகொண்டே, “சரிதான் சார், ஆனா எம் புள்ளைக்கு இன்னிக்கு வேணுமே” என்றார். ரூல் சரியாக இருப்பதால் மட்டும் ஃப்ரீசர் நிரம்பிவிடாது.

மேலே போனபோது வங்கியின் கதவு சாத்தியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் கலாவும் அந்தப் பக்கம் சுமதியும் பம்ப் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பம்பின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் பேச்சு வராந்தாவரை கேட்டது.

“எவ்ளோ வந்துது?” இது கலா.

“பன்னெண்டு.”

“நேத்து?”

“ஒம்போது.”

“பூண்டு வேக வெச்சுத் திங்கறியா?”

“இல்லண்ணி.”

“நாளைக்கு அம்மாவ செய்யச் சொல்றேன். கண்ண மூடிக்கிட்டு புள்ளய நெனச்சுக்க. பாட்டிலப் பாக்காத. பாத்தா வராது.”

‘வாங்க’வையும் ‘ம்’மையும் விட்டால், பதினோரு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு மில்லி லிட்டரில் இருந்தது. நான் கதவைத் தட்டாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று எடை ஆயிரத்து நானூற்று எண்பது.

வெள்ளிக்கிழமை காலை எட்வின் எடை போடும் அறையிலிருந்து வெளியே வந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, “ஆயிரத்து ஐநூத்தி அஞ்சு” என்றார். என் மாமியார் மட்டும் சந்தோஷப்பட்டு, பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எட்வின் வாத்தியார். அஞ்சு கிராமுக்காக டாக்டரிடம் போய் வாதாடினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னாராம்: நேற்று இரவு இரண்டு குழந்தைகள் வந்திருக்கின்றன, மிகச் சின்னவை. ஃப்ரீசரில் இருப்பது அவர்களுக்கே காணாது. உங்கள் குழந்தையின் குடல் இப்போது பழகிவிட்டது, அம்மாவின் பால் பாதி, பவுடர் பாதி தாங்கும். கலாவின் பால்தான் இருக்கிறதே என்று எட்வின் கேட்டிருக்கிறார். இருக்கிறது, ரிசல்ட் வரவில்லை, வந்தாலும் அது பொதுவில்தான் சேரும் என்று பதில்.

பதினொரு மணிக்கு முதல் பவுடர் பால். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். வயிறு வீங்குகிறதா, கக்குகிறதா என்று மூன்று மணி நேரம் பார்க்க வேண்டும். சுமதி வார்டு கதவின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எட்வின் ஜபமாலையை உருட்டினார். மாமியார் முருகனிடம் ஏதோ நேர்ந்துகொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் நிலையத்தில் பால் கெட்டதா இல்லையா என்று சோதிக்க ஒரு குழாயில் நீலச் சாயம் விட்டுக் காத்திருப்போம். நிறம் மறையாமல் நின்றால் நல்ல பால். அந்த மூன்று மணி நேரமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கக்கவில்லை. சுமதி நேராக வங்கிக்குப் போய்த் திரைக்குப் பின்னால் பம்ப்போடு உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் அவளுக்கு இருபத்திரண்டு மில்லி வந்தது.

மூன்றரைக்குக் கலாவின் ரிசல்ட் வந்தது. எல்லாம் சுத்தம். எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வாங்க வேண்டிய குழந்தை கோட்டைத் தாண்டிய பிறகு கொடுக்க அனுமதி வந்திருக்கிறது. ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று மாமியார் கூடையைக் கட்டினார். நான் போய் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது கலா மேஜை முன்னால் நின்றிருந்தாள்.

“நேத்து ராத்திரி வந்துதே ரெண்டு புள்ளைங்க. அதுல சின்னது யாருது மேடம்?”

“அது சொல்லக் கூடாதும்மா” என்றார் ஷைலஜா. “கொடுக்கறவங்களுக்கு வாங்கறவங்க யாருன்னு தெரியக் கூடாது. ரூல்ஸ்.”

“பேரு வேணாங்க. எத்தன கிராமு, அத மட்டும் சொல்லுங்க.”

நர்ஸ் கதவைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார், மூடினார்.

“தொள்ளாயிரத்தி நாப்பது.”

கலா எங்கள் பையனைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நாற்காலியில் போய் உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டாள்.

“ஏங்க, அடுத்த பஸ்ல போலாம்” என்று உள்ளேயிருந்து சொன்னாள்.